குதிரைக்குக் கட்டுப் போட்ட கை

அறுவைச் சிகிச்சை வார்டில் காயங்களுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. பதினாறு வருடங்களாக அதைத்தான் செய்கிறேன். சர்க்கரை நோயில் புண்ணாகிப்போன கால்கள், விபத்தில் கிழிந்த தோள்கள், தையல் விட்டுப்போன வயிறுகள். காலை எட்டு மணிக்குக் கையுறையை மாட்டினால் ஒரு மணி வரை நிமிர முடியாது. என் கட்டு நழுவாது என்று வார்டில் ஒரு பெயர் உண்டு. சில நோயாளிகள் நான் விடுமுறை முடிந்து வரும்வரை கட்டை அவிழ்க்க விடமாட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

என் கணவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். எங்கள் வீடும் அந்தப் பக்கம்தான். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான்கு வருடங்களுக்கு முன்பு, கொட்டாம்பட்டிப் பக்கம் குதிரை வண்டிப் பந்தயம் பார்க்கப் போன மனிதர் ஒரு செவலைப் பெட்டைக் குதிரையோடு திரும்பி வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனிலிருந்து அது இறங்கும்போது நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன். இரண்டு வாரம் பேசவில்லை.

பிறகு எப்படியோ அது என்னையும் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் காய்கறி விற்கும் அம்மாளிடம் கேரட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். வாசல் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் தகரக் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு கனைப்பு வரும். விரித்த கையில் கேரட்டை வைத்து நீட்டினால், இம்புட்டுப் பெரிய உருவம், பல்லே படாமல் உதட்டாலேயே எடுத்துக்கொள்ளும். வார்டில் நாள் முழுக்க அடுத்தவர் வலியைத் தொட்ட கை அது. அந்த மெத்தென்ற உதடு பட்டதும்தான் என் வேலை அன்றைக்கு முடிந்ததாகத் தோன்றும்.

போன வருடம் மாசி மாதம், பந்தயத்துக்குப் பழக்கும்போது வண்டியின் நெஞ்சு வார் உரசி அதன் இடது தோளில் தோல் உரிந்துவிட்டது. முதலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான் இருந்தது. இவர் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினார். ஈ மொய்த்தது. நான்காம் நாள் பார்த்தால் புண் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது.

"நகருங்க, இதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன். "மனுசனுக்கே போடுறேன், குதிரைக்குப் போட மாட்டேனா?"

"ஆறிரும் தாயி, கவலப்படாத" என்றார். அவர் குதிரையையும் தாயி என்றுதான் கூப்பிடுவார். ஆகையால் எங்கள் இருவரில் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கொட்டகைக்குப் போவேன். பையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, உப்பு நீரால் புண்ணைக் கழுவி, அயோடின் மருந்து தடவி, துணி வைத்து ஒட்டுவேன். இவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் காதுக்குள் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். வார்டில் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போவதற்குள் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, புதுக் கையுறை போடுகிறவள் நான். புதிதாக வரும் பெண்களை அதற்காகத் திட்டியும் இருக்கிறேன். வீட்டில், வேலைக்குப் போட்டுப்போன உடுப்போடு, வெறுங்கையால் செய்தேன். நம் வீட்டுக் குதிரைதானே என்று நினைத்தேனா, அல்லது எதையும் நினைக்கவே இல்லையா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

பத்து நாளில் புண் சுருங்கியது. இவர் கம்பெனியில் போய்ப் பெருமையடித்தார். அடுத்த வாரம் அது மறுபடி திறந்துகொண்டது. இந்த முறை சீழ் வைத்திருந்தது. மஞ்சளாக, கெட்டியாக. நான் இன்னும் அழுத்தமாகக் கழுவினேன்.

அதற்குப் பிறகு சில நாட்களில் இவருக்கு முன்கையில் ஒரு கட்டி வந்தது. இரும்புத்தூள் ஏறியிருக்கும் என்று நினைத்தோம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். கட்டி பழுத்து உடைந்த அன்றைக்கே அக்குளில் இன்னொன்று கிளம்பியது. அது பழுக்கவும் இல்லை, அமுங்கவும் இல்லை. கை முழுக்கச் சிவந்து, தோள்வரை வீங்கி, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. லேத் முன்னால் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார் என்று கம்பெனியிலிருந்து போன் செய்தார்கள். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன்.

கட்டியைக் கீறிச் சீழ் எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் தாள் வந்தது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று எழுதியிருந்தது. வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளுக்கு மசியாத கிருமி. எங்கள் வார்டில் இதற்கென்றே மூலையில் தனிக் கட்டில் உண்டு. அந்தக் கட்டிலில் என் வீட்டுக்காரர் படுத்திருந்தார்.

சர்ஜன் கேட்டார். "வீட்ல வேற யாருக்காச்சும் புண்ணு, கட்டி இருக்கா?"

"மனுசங்களுக்கு இல்ல சார். குதிரைக்கு இருக்கு."

"குதிரையா?" அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

குதிரையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். தோள் புண், சீழ், இவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. மூச்சு விடாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, "அப்ப அதுலருந்தும் வந்திருக்கலாம். மிருகத்துக்கிட்டருந்து வர்றதுண்டு" என்றார். நான் அவர் முன்னால் நர்ஸ் உடுப்போடு நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அதற்குக் கட்டுப் போட்டது நான் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

இவரைப் பார்த்துக்கொள்ள இவருடைய அக்கா தல்லாகுளத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினார். நான் மதினி என்று கூப்பிடுவேன். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே குதிரை பிடிக்காது. "நான் அன்னைக்கே சொன்னேன், இவன் கேட்டானா? மொதல்ல அத ஓட்டி விடு" என்றார். நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன். அவரைவிட நான் சத்தமாகப் பேசினேன் என்றுகூடச் சொல்லலாம். கொட்டகைத் தரையெல்லாம் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கழுவினேன். தீவனம் வைக்கப் போகும்போது இரண்டு கையுறை, முகத்துக்கு மாஸ்க். கேரட் வாங்குவதை நிறுத்திவிட்டேன். அது கனைக்கும், நான் வாளியைத் தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பன்னிரண்டாம் நாள் இவர் வீட்டுக்கு வந்தார். ஆறு கிலோ இளைத்திருந்தார். வந்ததும் கொட்டகைப் பக்கம் திரும்பினார். நான் குறுக்கே நின்றேன்.

"ஒருதடவ பாத்துட்டு வாரேன்."

"வேணாம். உங்கள மறுபடி தூக்கிக்கிட்டு ஓட எனக்குத் தெம்பில்ல. ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அவர் வாசற்படியில் நின்றபடியே கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு போனை எடுத்து, குதிரையை விற்ற ஆளையே கூப்பிட்டார். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். இவர் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இவரிடம் ஜெயித்த பிறகும் எனக்கு மனசு அடங்கவில்லை. குதிரையிடமிருந்துதான் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கிடைத்தால் நல்லது என்று பட்டது. அதை அவர் கையில் கொடுத்துவிட்டால், நான் பிடிவாதக்காரி என்று நினைக்க மாட்டார். நான் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டதால் குதிரையின் புண்ணைப் பார்க்க வந்த கால்நடை டாக்டரிடம் கேட்டேன். இளம்பெண். பக்கத்து ஊர் மருந்தகத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். குதிரைக்குப் பின்னால் போகாமல் பக்கவாட்டில் நெருங்கி, முதலில் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார்.

"இதோட சீழ டெஸ்ட்டுக்கு அனுப்ப முடியுமா டாக்டர்?"

"கண்டிப்பா அனுப்பணும்க்கா. மூக்குலயும் எடுத்துருவோம்" என்றவர் பஞ்சுக் குச்சியைக் குழாயில் போட்டு மூடிக்கொண்டே கேட்டார். "இதுக்குத் தினம் கட்டுப் போட்டது யாரு?"

"நான்தான். நர்ஸா இருக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. "அப்ப நீங்களும் அண்ணனும் மூக்குல எடுத்துப் பாத்துருங்கக்கா. உங்க ஆஸ்பத்திரியிலயே எடுத்துரலாம். குதிரைக்கு மட்டும் பாத்தா பாதிதான் தெரியும்."

நான் சரி என்று, மறுநாளே எங்கள் ஆஸ்பத்திரியில் இருவருக்கும் எடுத்துக் கொடுத்தேன். அப்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எனக்கு ஒரு சின்னப் பரு கூட இல்லையே!

அந்த வாரம் வியாழக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக் கூடத்து டாக்டர் அம்மா என்னை வரச் சொன்னார். கால்நடைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த தாளை நான் ஏற்கெனவே அவரிடம் கொடுத்திருந்தேன். மேசையில் மூன்று தாள்களை அருகருகே வைத்திருந்தார். ஒன்று என் கணவருடைய சீழ். ஒன்று குதிரையின் புண். மூன்றாவது என் மூக்கு. கணவருடைய மூக்கில் எதுவும் இல்லை. குதிரையின் மூக்கிலும் இல்லை.

"மூணும் ஒரே மாதிரி இருக்கு பாரும்மா. எந்தெந்த மருந்துக்கு மசியல, எதுக்கு மசியுதுன்னு வரிசையா ஒத்துப்போகுது."

"எனக்கு ஒண்ணுமே இல்லையே மேடம்?"

"ஒண்ணும் பண்ணாது. சும்மா உக்காந்திருக்கும். நம்மகிட்ட வேலை பாக்குறவங்கள்ல சில பேருக்கு இப்படி இருக்கும். அவங்களுக்கே தெரியாது. கை மூக்குக்குப் போகும், அப்புறம் புண்ணுக்குப் போகும்."

"அப்ப குதிரைக்கு என்கிட்டருந்துதான்..."

"யாருகிட்டருந்து யாருக்குப் போச்சுன்னு இந்தத் தாள வச்சுச் சொல்ல முடியாது. குதிரைகிட்டருந்து உனக்கு வந்திருக்கலாம். ஆனா இதுல மசியாதுன்னு போட்டிருக்கிற மருந்தெல்லாம் நம்ம வார்டுல நாம தினம் போடுறது. உன் குதிரை அதையெல்லாம் எங்கம்மா பாத்திருக்கும்?"

தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாட்டுத்தாவணிப் பஸ்ஸில் தப்பாக ஏறி, இரண்டு நிறுத்தம் போன பிறகு இறங்கினேன். மனசுக்குள் குதிரையின் தோள் இல்லை, கணவரின் கை இல்லை. வார்டில் படுத்திருந்தவர்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள். ஆறவே மாட்டேன் என்ற ஒரு கொத்தனாரின் கால். இரண்டாம் முறை தையல் போட வேண்டியிருந்த ஒரு பெண்ணின் வயிறு. கையுறை போட்டுத்தானே செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகத்தில் விழும் முடியை ஒதுக்கக் கையுறையோடு மூக்கருகே மணிக்கட்டைக் கொண்டுபோகும் என் பழக்கமும் நினைவுக்கு வந்தது. அவர்களுக்கு வந்தது என்னிடமிருந்தா என்று எனக்குத் தெரியாது. இன்று வரை தெரியாது.

அன்றைக்கு வீட்டில் நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து குதிரையை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், இந்தத் தாள்களுக்கு வேலையே இருக்காது என்று ஒரு நினைப்பு ஓடியது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இரண்டு நாள் அந்த நினைப்போடு சமைத்தேன், வேலைக்குப் போனேன், வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் இவர் கொட்டகை வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன தூரத்தைத் தாண்டவில்லை. குதிரை கழுத்தை நீட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "போற எடத்துல நல்லா பாத்துக்கிருவாங்க தாயி" என்று அவர் அதனிடம் சொல்வது காதில் விழுந்தது.

உள்ளே போய்க் கைப்பையைத் திறந்து தாள்களை எடுத்து வந்து அவர் மடியில் போட்டேன்.

"என்னது?"

"நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. என் மூக்குல இருக்கு. ஆஸ்பத்திரியிலருந்து நான்தான் கொண்டாந்து அதுக்கு ஒட்டிவிட்டிருப்பேன் போல. அதுகிட்டருந்து உங்களுக்கு. இல்லாட்டி நேரா என்கிட்டருந்தே உங்களுக்கு."

அவர் தாளைப் புரட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. புரட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு சொன்னியே. இப்ப நான் யார ஏத்தி அனுப்புறது?"

சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து பக்கத்தில் வந்தவர், தாளில் இருந்த தேதியைக் கவனித்துவிட்டார்.

"வியாழக்கிழம தேதி போட்டிருக்கு?"

"ம்."

"ரெண்டு நாளா வச்சுக்கிட்டா இருந்த?"

அவருக்கு வந்த கோபம் அதற்குத்தான். கிருமிக்கு இல்லை. "வாயில்லாத சீவன் மேல பழியப் போட்டுட்டு ரெண்டு நாளு எப்படிச் சோறு இறங்குச்சு உனக்கு?" என்றார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை என் பக்கம் திரும்பவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. மதினி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "விடுடா, தெரிஞ்சா செஞ்சா?" என்று மட்டும் சொன்னார். குதிரையை ஓட்டி விடு என்ற பேச்சை அவரும் அதற்குமேல் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த ஆளிடம் இவரே நடந்ததைச் சொன்னார். அவர் புண்ணைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "மொதல்ல ஆறட்டும்ண்ணே, அப்புறம் பாப்போம்" என்று டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

திங்கட்கிழமை நான் எங்கள் தலைமை நர்ஸிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அதைச் சொல்லத்தான் எனக்கு அதிகத் தைரியம் தேவைப்பட்டது. வார்டிலிருந்து என்னை எடுத்துப் பதிவேடுகள் பக்கம் போட்டார்கள். எங்கள் வார்டில் எல்லோருக்கும் மூக்கில் சோதனை எடுத்ததில் இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது. அவர்கள் யார் என்று சொல்லவில்லை. என்னுடையதுதான் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் என் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த டப்பா ஒருநாள் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. தள்ளி வைத்தவள் என்னோடு படித்தவள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். நான் வாளியைத் தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, அதை வாங்கிக்கொண்ட ஜீவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே நினைத்தேன்.

ஐந்து நாள் மூக்குக்குள் களிம்பு, கிருமிநாசினி சோப்பில் குளியல், தலையணை உறை முதல் துண்டுவரை வெந்நீரில். குதிரைக்குக் கால்நடை டாக்டரே கையுறையோடு கட்டுப் போட்டார். தினமும் அவரால் வர முடியாது என்பதால், புண் முழுக்க ஆறிவிட்ட தன் கையை நீட்டிக் காட்டி, இவர் அவரிடம் முறையாகக் கற்றுக்கொண்டார். கையை எப்படிக் கழுவுவது என்று எனக்கே பாடம் எடுப்பார். "வெரலு இடுக்க விட்டுட்ட பாரு" என்பார். இப்படித்தான் எங்களுக்குள் பேச்சு திரும்ப வந்தது.

சித்திரை முடிவதற்குள் தோள் புண் மூடியது. அந்த இடத்தில் மட்டும் செவலை முடிக்குப் பதிலாக வெள்ளை முடி முளைத்தது. அது அப்படித்தான் முளைக்கும் என்று டாக்டர் சொன்னார். இவர் அந்தப் பழைய வாரை வெட்டிப் போட்டுவிட்டார். பந்தயம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். காலையில் வீட்டிலிருந்து கண்மாய்க்கரை வரை நடத்திக் கூட்டிப் போவதோடு சரி.

மூன்று மாதம் கழித்து எல்லோருக்கும் மறுபடி சோதனை எடுத்தோம். குதிரைக்கு இல்லை. இவருக்கு இல்லை. எனக்கு இருந்தது. முதல் தடவை களிம்பு போட்டதும் போன கிருமி, நான் வார்டுக்குத் திரும்பிய பிறகு மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. "வேலை அப்படிம்மா" என்றார் அந்த டாக்டர் அம்மா. மறுபடி களிம்பு கொடுத்தார். வேலையை விட்டுவிடலாமா என்று இவரிடம் கேட்டேன். "விட்டுட்டு? அந்தக் கட்ட யாரு போடுறது?" என்றார்.

இப்போது பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் கொட்டகைக்குப் போவதில்லை. முதலில் குளியலறை. உடுப்பை வாளியில் ஊறப்போட்டு, குளித்து, வேறு சேலை கட்டி, மாஸ்க் போட்டுக்கொண்டு போகிறேன். குதிரையிடமிருந்து எனக்கு எதுவும் வந்துவிடுமே என்று அல்ல. முதல் சில நாட்கள் அது மாஸ்க்கைக் கண்டு பின்வாங்கியது. இப்போது மாஸ்க்கின் ஓரத்தை மெதுவாக முகர்ந்து பார்க்கிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கழுவிய கையை நீட்டுகிறேன்.